செயற்கைக் கண் செய்திகளும் என் வெள்ளைக்கோலும்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவ்வப்போது ஒரு செய்தி வந்து விழும். ‘பார்வையற்றோருக்குப் பார்வை, விஞ்ஞானிகள் சாதனை’ என்கிற மாதிரி தலைப்பு. அனுப்புகிறவன் பெரும்பாலும் அக்கா மகன். கீழே “மாமா, இதப் பாருங்க” என்று ஒரு வரி இருக்கும். கைபேசி அதை எனக்கு வாசித்து முடிப்பதற்குள் அக்காவின் அழைப்பு வந்துவிடும்: “டாக்டர்கிட்ட கேட்டியா? எப்ப ஆபரேஷன்?”

அவர்கள் அன்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தலைப்புகள் நாலு விஷயத்தைச் சொல்வதே இல்லை. இது எந்த நோய்க்கு? கண்ணிலிருந்து மூளை வரை உள்ள பாதையில் எந்த இடத்தில் பொருத்துகிறார்கள்? பயன்படுத்தக் கற்றுக்கொள்ள எவ்வளவு காலம் ஆகும்? பத்து வருஷம் கழித்துப் பழுதானால் யார் பார்ப்பார்கள்? என்னைப் போலப் பார்வை போய்க்கொண்டிருக்கும் சிங்கப்பூர்த் தமிழர்களும் அவர்கள் வீட்டாரும் இந்த நாலையும் கேட்கப் பழகிவிட்டால் பாதி ஏமாற்றம் குறையும். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு வரும் பரம்பரை விழித்திரை நோய். மங்கலான வெளிச்சத்தில் வேலை செய்யும் கோல் செல்கள் முதலில் சாகும், பிறகு நிறத்தையும் நுணுக்கத்தையும் பார்க்கும் கூம்பு செல்கள். தேசிய சேவைக் காலத்தில் தெக்கோங் தீவில் இரவு நடைப்பயிற்சியின்போதுதான் எனக்கு விஷயம் தெரியவந்தது. மற்றவர்கள் நிலா வெளிச்சத்தில் பாதையைப் பார்த்து நடந்தார்கள். எனக்கு நிலா மட்டும்தான் தெரிந்தது. பிறகு வருஷாவருஷம் ஓரப்பார்வை சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஆகி, இப்போது சன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது, விளக்கு எரிகிறதா என்கிற அளவில் நிற்கிறது.

என் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். நம்மில் இது சகஜம். இந்த நோய்க்குக் காரணமாக 80க்கும் மேற்பட்ட மரபணுக்கள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றில் பல, பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் மட்டுமே நோயாக வெளிப்படும். அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்துக்குள் மணம் முடிக்கும்போது ஒரே பழுது இரண்டு பக்கமும் இருக்கும் சாத்தியம் கூடுகிறது. அக்கா தன் மகனுக்கு என் மகளைக் கேட்கலாமா என்று ஒருமுறை நூல் விட்டுப் பார்த்தாள். “முதல்ல ரெண்டு பேரும் ரத்தப் பரிசோதனை செய்யட்டும்” என்றேன். அதன்பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. பிள்ளைகளுக்கும் அதில் விருப்பமில்லை என்பது வேறு விஷயம்.

மரபணுப் பரிசோதனையை நம்மவர்கள் தள்ளிப்போடுகிறார்கள். ‘மருந்துதான் இல்லையே, தெரிந்து என்ன செய்ய?’ என்பார்கள். ஆர்பிஇ65 என்ற மரபணுவில் இரண்டு பிரதியும் பழுதானவர்களுக்கு லக்ஸ்டர்னா என்ற மரபணு மருந்தை 2017இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ அங்கீகரித்தது. அதுவும் விழித்திரையில் உயிருள்ள செல்கள் போதிய அளவு மிச்சமிருந்தால்தான். எந்த மரபணு என்று தெரியாதவருக்கு இப்படி ஒரு மருந்து வந்தாலும் தனக்கானதா என்று தெரியாது.

இன்னொன்று. ‘இனி ஒன்றும் செய்வதற்கில்லை’ என்ற சொல்லைக் கேட்டுவிட்டுக் கண் மருத்துவரிடம் போவதையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. இந்த நோய் உள்ளவர்களுக்குக் கண்புரை சீக்கிரம் வரும், விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்துக்கொள்ளும். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. எனக்குப் புரை எடுத்தபிறகு சில வருஷங்கள் தட்டில் இருப்பது சோறா இட்லியா என்று தெரிந்தது. அது சின்ன லாபமில்லை.

இனி செயற்கைக் கண்ணுக்கு வருகிறேன்.

ஒளியை உணரும் செல்கள் செத்தாலும், அவற்றுக்கு அடுத்த அடுக்கில் உள்ள நரம்பணுக்களில் ஒரு பகுதி பிழைத்திருக்கும். அவற்றை நேரடியாக மின்சாரத்தால் தூண்டினால் மூளைக்கு ஏதோ ஒரு வெளிச்சம் போய்ச் சேரும் என்பதுதான் விழித்திரைப் பொருத்திகளின் அடிப்படை. ஆர்கஸ் 2 அப்படிப்பட்டது. கலிபோர்னியாவின் செகண்ட் சைட் நிறுவனம் செய்தது. 2011இல் ஐரோப்பாவிலும் 2013இல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. கண்ணாடியில் ஒரு கேமரா, இடுப்பில் ஒரு கணிப்பொறி, கண்ணுக்குள் 60 மின்முனைகள். விலை ஏறத்தாழ 150,000 அமெரிக்க டாலர்.

60 என்ற எண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 6 வரிசை, வரிசைக்கு 10. சாதாரணக் கைபேசிப் படத்தில் லட்சக்கணக்கான புள்ளிகள் இருக்கும். இங்கே மொத்தமே அறுபது, அதுவும் கையை நீட்டி விரலை விரித்தால் பெருவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை வரும் அகலத்துக்குள். இதிலும் ஒரு மின்முனை ஒரு புள்ளியைத் தரும் என்று நினைக்கக்கூடாது. மின்சாரம் பக்கத்தில் ஓடும் நரம்பு இழைகளையும் தூண்டிவிடுவதால் சிலருக்குப் புள்ளிக்குப் பதில் கோடும் ஆப்பு வடிவமும் தெரிந்தன. கேமரா கண்ணாடியில் இருப்பதால் கண்ணை உருட்டிப் பயனில்லை. தலையைத்தான் திருப்ப வேண்டும். அப்படியும் கதவின் நிலை, மேசையின் விளிம்பு, சாலையைக் கடக்கும் இடத்தின் வெள்ளைக் கோடுகள் எனப் பலருக்குப் பிடிபட்டது. முழு இருட்டில் இருந்தவருக்கு அது பெரிய விஷயம். அதை நான் கிண்டல் செய்ய மாட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. 2019இல் நிறுவனம் ஆர்கஸைக் கைவிட்டது. 2020 மார்ச்சில் பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. உலகம் முழுக்க 350 பேருக்கு மேல் அந்தப் பொருத்தி கண்ணுக்குள் இருந்தது. ஐ.இ.இ.இ. ஸ்பெக்ட்ரம் இதழ் 2022இல் அவர்களைத் தேடிப் பேசி எழுதியபோதுதான் வெளியுலகுக்கு விவரம் தெரிந்தது. ஒரு பெண்மணி நியூயார்க் சுரங்க ரயில் நிலையத்தில் படியிறங்கும்போது கருவி பீப் பீப் என்று ஒலித்து நின்றதாம். அதோடு சரி. இன்னொருவர் எம்ஆர்ஐ எடுக்க வேண்டிய நிலையில், கண்ணுக்குள் இருக்கும் பொருளோடு எடுக்கலாமா என்று கேட்க ஆளில்லாமல் தவித்திருக்கிறார். வெளியே உள்ள கண்ணாடி உடைந்தவர்கள் மற்றவர்களிடம் பழைய பாகம் கேட்டு அலைந்தார்கள். ஜெர்மனியில் ஆல்ஃபா என்ற பொருத்தியைச் செய்த ரெட்டினா இம்பிளான்ட் நிறுவனமும் 2019இல் மூடப்பட்டது. அறிவியல் தோற்றதால் மட்டும் ஒரு கண் அணைவதில்லை. கணக்குப் புத்தகம் தோற்றாலும் அணையும்.

இதை அக்கா மகனிடம் சொன்னபோது அவன் விடவில்லை. 2025 அக்டோபரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த பிரைமா ஆய்வை அனுப்பினான்.

“மாமா, 32 பேர்ல 26 பேருக்கு வேலை செஞ்சிருக்கு. எழுத்தெல்லாம் படிக்கிறாங்க.”

“யாருக்குடா அது?”

“கண்ணு தெரியாதவங்களுக்குத்தான்.”

“எந்தக் கண்ணு தெரியாதவங்களுக்கு?”

பதில் வரக் கொஞ்சம் நேரமானது. படித்துவிட்டுத்தான் வந்தான், நல்ல பையன். பிரைமா, முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து போகிறவர்களுக்கானது. அவர்களுக்கு நடுவில் ஓட்டை, ஓரத்தில் பார்வை. எனக்கு நோய் வந்த வழி தலைகீழ். ஸ்டான்ஃபோர்டின் டேனியல் பலங்கர் வடிவமைத்த அந்தச் சில்லு 2 மில்லிமீட்டர் சதுரம், அதில் 378 புள்ளிகள். கண்ணாடியிலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளியே அதற்கு மின்சாரமும் படமும். உள்ளே கம்பி கிடையாது. 38 பேருக்குப் பொருத்தி, ஓராண்டு முடிவில் பரிசோதிக்க முடிந்த 32 பேரில் 26 பேரின் பார்வை குறிப்பிடத்தக்க அளவு கூடியது. இந்தத் துறையில் இதுவரை வந்ததில் இதைத்தான் நல்ல முடிவு என்பேன். ஆனால் அவர்கள் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள். முதலில் இதை வளர்த்த பிரெஞ்சு நிறுவனமும் நொடித்துப்போய், 2024இல் அமெரிக்காவின் சயன்ஸ் கார்ப்பரேஷன் கைக்கு வந்தது. உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ ‘முகத்தின் நடுவில் கறுப்பாகத் தெரிகிறது’ என்று சொன்னால் இந்தச் செய்தி அவர்களுக்கானது. எனக்கில்லை.

கண்ணை விட்டுவிட்டு நேரே மூளையையே தூண்டுவது இன்னொரு வழி. புதிதல்ல. 1968இல் பிரிட்டனில் பிரிண்ட்லியும் லெவினும் பார்வையிழந்த ஒரு 52 வயதுப் பெண்மணியின் பார்வைப் புறணிமேல், அதாவது மூளையின் பின்பகுதியில் பார்வையைக் கையாளும் மேலடுக்கின்மேல், 80 மின்முனைகள் பொருத்தினார்கள். அவருக்கு வானத்து நட்சத்திரம்போல ஒளிப்பொட்டுகள் தெரிந்தன. எல்லாப் பொட்டையும் ஒன்றாக எரியவிட்டால் ஒரு வடிவம் வந்துவிடும் என்று பல பத்தாண்டுகள் நம்பினார்கள். வரவில்லை, பொட்டுகள் ஒன்றோடொன்று கலந்து குழம்பின. 2020இல் டெக்சாஸில் பியூசாம்ப், யோஷோர் குழு வேறு மாதிரி செய்தது: மின்முனைகளை ஒன்றன்பின் ஒன்றாக, எழுத்தை எழுதும் வரிசையில் தூண்டினார்கள். உள்ளங்கையில் விரலால் ஒருவர் எழுத்து எழுதினால் நமக்குப் புரியுமே, அதே மாதிரி. பார்வையற்றவர்கள் அந்த எழுத்தைச் சொன்னார்கள். வன்பொருள் மாறவில்லை, மூளையிடம் பேசும் முறைதான் மாறியது. நியூராலிங்க் நிறுவனத்தின் மூளைப் பொருத்திக்கு 2024இல் எஃப்டிஏ ‘பிரேக்த்ரூ’ முத்திரை கொடுத்தது என்று செய்தி வந்தபோதும் அக்கா அழைத்தாள். அந்த முத்திரை ஆய்வை விரைவுபடுத்த உதவுவது. ஆளுக்குப் பொருத்தி விற்கும் அனுமதி இல்லை. இதைச் செய்தித்தாள்காரர்களும் சேர்த்தே எழுதலாம்.

எந்த அறுவையும் இல்லாத வழி ஒன்று இருக்கிறது: கண்ணின் வேலையைத் தோலுக்கோ காதுக்கோ கொடுக்கும் ‘புலன் மாற்று’. அதில் எனக்கு நேரடி அனுபவம் உண்டு.

1969இல் பால் பாக் இ ரீட்டா என்ற அமெரிக்க நரம்பியலாளர் பழைய பல் மருத்துவ நாற்காலி ஒன்றின் முதுகில் 400 அதிர்விகளைப் பொருத்தினார். கேமரா பார்ப்பது முதுகில் அதிர்வாக வரும். பயிற்சிக்குப்பின் பிறவியிலேயே பார்வையற்றவர்கள் தொலைபேசியையும் கோப்பையையும் முகங்களையும் அடையாளம் சொன்னார்கள். கேமராவின் ஜூமைத் திடீரென்று கூட்டியபோது பொருள் தங்கள்மேல் வருகிறது என்று பின்வாங்கினார்கள், அதிர்வு இருந்ததோ முதுகுப் பக்கம். இதில் எனக்கு மிகவும் உதவிய தகவல் வேறு: கேமராவை வேறொருவர் அசைத்தால் முதுகில் வெறும் குறுகுறுப்புதான். பயனர் தானே அசைத்தால்தான் பொருள் ‘வெளியே’ இருப்பதாகத் தெரிந்தது.

அதே யோசனை பின்னாளில் நாக்குக்கு வந்தது. பிரெயின்போர்ட் என்ற கருவி கேமராப் படத்தை நாக்கில் சோடாக் குமிழிபோல் உணர்த்தும். 2015இல் எஃப்டிஏ அனுமதித்தது. நான் முயன்றதில்லை. வாயில் ஒன்றை வைத்துக்கொண்டு தேக்காவில் எப்படி மீன் பேரம் பேசுவது?

நான் முயன்றது ‘தி வாய்ஸ்’ செயலியை. நெதர்லாந்தின் பீட்டர் மேயர் 1992இல் வெளியிட்ட முறை. ஆண்ட்ராய்டு கைபேசியில் இலவசம். கேமரா படத்தை இடமிருந்து வலமாக வினாடிக்கு ஒருமுறை வருடும். மேலே இருப்பது உச்ச சுருதி, கீழே இருப்பது கீழ்ச் சுருதி. வெளிச்சமானது உரக்க, இருண்டது மெல்ல. கறுப்பு மேசைவிரிப்பில் ஒரு வெள்ளைத் தட்டு என்றால், ஒலி நடுச் சுருதியில் தொடங்கி மேலும் கீழும் விரிந்து, திரும்ப நடுவில் குவியும். சாய்ந்து கிடக்கும் குச்சி ஆரோகணமாக ஏறும், திருப்பி வைத்தால் இறங்கும்.

முதல் சில நாள் வீட்டில் போர்க்களம். “என்னங்க, காலங்காத்தால இந்தச் சத்தம்? அடுத்த வீட்டு ஆன்ட்டி கதவத் தட்டப்போறாங்க” என்றாள் மனைவி. காதை அடைக்காமல் எலும்பு வழியாக ஒலி கடத்தும் ஹெட்செட் வாங்கினேன். உதவி செய்ய வேண்டும் என்று அவள் கைபேசியைப் பிடித்துக்கொண்டு பொருள்களைக் காட்டினாள். எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை, நிலையம் பிடிபடாத ரேடியோச் சத்தம்தான். நானே கைபேசியை நெஞ்சருகே பிடித்து, மெதுவாக இடமும் வலமும் அசைத்தபோது தட்டு ஒரு இடத்தில் நின்றது. கையை நீட்டினேன், விளிம்பில் பட்டது. பாக் இ ரீட்டா நாற்காலியில் கண்டதைத்தான் நான் தோ பாயோ வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கண்டேன். யாராவது பழகப் போகிறீர்கள் என்றால் கேமரா உங்கள் கையிலேயே இருக்கட்டும். கறுப்பில் வெள்ளை, ஒரே பொருள், தினமும் கொஞ்ச நேரம். தட்டு பிடிபட்டபிறகு கரண்டி, பிறகு கதவு நிலை, பிறகு சன்னல்.

அதற்குமேல் போனால் கஷ்டம். எங்கள் புளோக்கின் நடைகூடத்தில் பூந்தொட்டி, காலணித் தட்டு, சைக்கிள், காயப்போட்ட துணி, ஒருவர் வைத்திருக்கும் சாமி மாடம் எல்லாம் உண்டு. அது அத்தனையும் ஒரு வினாடிக்குள் ஒலியாக வந்தால் இரைச்சலில் ஒன்றும் தேறாது. கணக்குப்படி அந்தச் செயலியின் மூல வடிவமைப்பு 64க்கு 64 புள்ளிகள், ஆர்கஸின் அறுபதைவிடப் பல மடங்கு. ஆனால் காது என்ற வாசல் குறுகியது. அதைவிட முக்கியம், அந்தக் காது எனக்கு வேறு வேலைக்கு வேண்டும். ரேஸ் கோர்ஸ் சாலையில் உணவு விநியோகிப்பவர்களின் மின்சைக்கிள் சத்தமில்லாமல் வரும். அதன் டயர் ஒலியைக் கேட்க வேண்டிய காதில் தட்டின் சுருதி ஓடக்கூடாது. வெளியே நடக்கும்போது இதைப் போடவே போடாதீர்கள். எனக்கு இப்போது இது வீட்டுக்குள் ஒரு விளையாட்டு, ஒரு மூளைப் பயிற்சி. மற்றபடி கடிதம் வாசிக்க, பால் பாக்கெட்டின் தேதி பார்க்க, சீயிங் ஏஐ, பி மை ஐஸ் போன்ற செயலிகள் வார்த்தையிலேயே சொல்லிவிடுகின்றன. ஆய்வாளர்கள் அதைப் ‘புலன் மாற்று’ என்று ஏற்க மாட்டார்கள். எனக்குப் பால் கெடாமல் இருந்தால் போதும்.

கண் வழியாகச் செய்தி வராவிட்டால் மூளையின் பின்பகுதி சும்மா கிடக்காது. சிறுவயதிலேயே பார்வையிழந்தவர்கள் பிரெயில் வாசிக்கும்போது பார்வைப் புறணி இயங்குவதை 1996இல் சடாட்டோ குழு காட்டியது. பிறவியிலிருந்தே பார்வையற்ற ஒரு பெண்மணிக்குப் பின்மூளையின் இருபுறமும் பக்கவாதம் தாக்கியபின், விரலில் உணர்ச்சி இருந்தும் பிரெயில் வாசிக்க முடியாமல் போனதாக 2000இல் பதிவாகியிருக்கிறது. பார்வையுள்ளவர்களின் கண்ணை ஐந்து நாள் முழுக்கக் கட்டி வைத்தபோதே அந்தப் பகுதி தொடுதலுக்கு இசையத் தொடங்கியது. கட்டை அவிழ்த்ததும் பழைய நிலைக்குத் திரும்பியது. நடுவயதுக்குமேல் பிரெயில் கற்கும் என் போன்றவர்களின் விரல் அந்த வேகத்துக்கு வராது. மின்தூக்கிப் பொத்தானையும் மசாலா டப்பா மேல் ஒட்டிய சீட்டையும் படிக்கும் அளவுக்கு வந்தது, அதோடு நிறுத்திக்கொண்டேன்.

சும்மா இருக்காத மூளை வேறு வேலையும் காட்டும். பார்வை வெகுவாகக் குறைந்த காலத்தில் எனக்குக் கோலங்கள் தெரியத் தொடங்கின. புள்ளி வைத்து இழுத்த சிக்குக் கோலம், சில நேரம் கம்பி வலை, சில நேரம் செங்கல் சுவர். கண்ணை மூடினால் மறையும், திறந்தால் வரும். அம்மா திருஷ்டி என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். எனக்கோ புத்தி பேதலிக்கிறதோ என்று பயம், யாரிடமும் வாய் திறக்கவில்லை. கடைசியில் மருத்துவரிடம் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே “சார்ல்ஸ் பொனே” என்றார். சுவிட்சர்லாந்தின் பொனே, கண்புரையால் பார்வை மங்கிய தன் தாத்தாவுக்கு ஆட்களும் பறவைகளும் கட்டடங்களும் தெரிந்ததை 1760இல் எழுதிவைத்தார். புத்தி தெளிவாக இருக்கும், தெரிவது உண்மையில்லை என்பதும் தெரியும். கண்ணிலிருந்து செய்தி வராத புறணி தானாகவே இயங்குவதால் வரும் காட்சி அது. கண்களை இடமும் வலமுமாகச் சில தடவை அசைத்தால் சிலருக்கு நின்றுவிடும், எனக்கும் பெரும்பாலும் நிற்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் இதை மறைப்பார்கள். மங்கிய பார்வையுள்ள பாட்டி ‘அங்கே யாரோ நிற்கிறார்கள்’ என்றால் பேய் என்றோ மறதி நோய் என்றோ நீங்களாக முடிவு கட்டாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அறுவையும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம் என்றால் மிச்சம் இருப்பது வெள்ளைக்கோல். இதுவும் புலன் மாற்றுக் கருவிதான் என்று பாக் இ ரீட்டாவே சொல்லியிருக்கிறார். கோலைப் பிடித்திருப்பது உள்ளங்கை, ஆனால் பழகியபின் தரை தெரிவது கோல் நுனியில். கோலோடு நடக்கப் பழக்கும் மொபிலிட்டி பயிற்சியை தோ பாயோ ரைஸில் உள்ள, பார்வையற்றோருக்கான எஸ்ஏவிஎச் சங்கத்தில் கேட்கலாம், கால்டிகாட் ரயில் நிலையத்திலிருந்து பக்கம். 1951 முதல் இருக்கும் சங்கம். வழிகாட்டி நாய்ச் சங்கத்திலும் பயிற்சி உண்டு. பார்வை முழுக்கப் போகும்வரை காத்திராமல், கொஞ்சம் தெரியும்போதே கோலைக் கையில் எடுப்பது நல்லது. கண்ணும் கோலும் சொல்வது ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பழக அந்தக் காலத்தில்தான் முடியும்.

எனக்குப் பயிற்சி கொடுத்தவர் ஒரு சீன இளைஞர். “அங்கிள், உங்கள் வழியில் எத்தனை வடிகால் மூடி இருக்கிறது?” என்று கேட்டார். சிங்கப்பூரில் கால் வைக்கும் இடமெல்லாம் கம்பிபோட்ட வடிகால் மூடி. கோலின் கூரான பென்சில் முனை அதில் மாட்டி, கோல் வயிற்றில் குத்தும். உருளும் பந்து முனைக்கு மாறினேன், மூடியின்மேல் உருண்டு போகும்போது வேறு சத்தம் தரும், அதுவே எனக்கு ஓர் அடையாளம். சிராங்கூன் சாலையின் ஐந்தடிப் பாதைதான் கடைசிப் பரீட்சை. கடைக்காரர்கள் பாதி வழியில் வாளி, துடைப்பம், காய்கறிக் கூடை அடுக்கியிருப்பார்கள். கோல் தரையைத் தேடும், தலை உயரத்தில் தொங்கும் பொருளைச் சொல்லாது. மல்லிகை வாசம் வந்தால் பூக்கடை, இடதுபக்கம் சில்லென்று காற்று வந்தால் நகைக்கடைக் கதவு, வறுத்த காப்பித்தூள் வாசம் வந்தால் நான் திரும்ப வேண்டிய முனை. ஞாயிறு மாலை மட்டும் போக மாட்டேன். எல்லா ஒலியும் மனிதக் கூட்டத்தில் அமுங்கிவிடும்.

நாக்கைச் சொடுக்கி எதிரொலி கேட்பதும் பழகலாம். டர்ஹம் பல்கலைக்கழகத்தின் லோர் தேலர் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வில் 21 முதல் 79 வயது வரையானவர்கள், பார்வை உள்ளவர்களும் இல்லாதவர்களும், 10 வாரப் பயிற்சியில் தேறினார்கள். வயது தடையாக இல்லை. நம் ஊரில் இதற்கு வீவக புளோக்கின் கீழ்த்தளத்தைவிட நல்ல பள்ளி கிடையாது. தூண், திறந்த வெளி, மின்தூக்கிச் சுவர், மறுபடி தூண். ஆளில்லாத மதிய நேரத்தில் சொடுக்கிக்கொண்டே நடந்து பாருங்கள். தூணுக்கு நேரே வந்ததும் ஒலி இறுகும். மாலையில் செய்தால் பூனையைக் கூப்பிடுகிறார் என்று பிள்ளைகள் பின்னாலேயே வரும்.

செலவு. கருவி எதையும் விளம்பரம் கேட்டு வாங்க வேண்டாம். லெங்கோக் பாருவில் உள்ள எனேபிளிங் வில்லேஜில் டெக் ஏபிள் என்ற இடத்தில் தொட்டு, போட்டுப் பார்க்கலாம். உடற்குறை உள்ளவர்களுக்கான எஸ்ஜி எனேபிள் அமைப்பு நிர்வகிக்கும் உதவித் தொழில்நுட்ப நிதி, குடும்ப வருமானத்தைப் பொறுத்து விலையில் 90 விழுக்காடு வரை தருகிறது. வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி. வாங்கிவிட்டுப் பிறகு கேட்காதீர்கள், முதலில் விண்ணப்பம்.

செயற்கைக் கண்ணில் எனக்கு ஆசையே இல்லையா என்றால், இருக்கிறது. ஒளிமரபியல் என்ற முறையில்தான். ஒளிக்கு இசையும் புரதத்தின் மரபணுவைக் கண்ணுக்குள் ஊசியால் செலுத்தி, பிழைத்திருக்கும் நரம்பணுக்களையே ஒளியுணரச் செய்கிறார்கள். எந்த மரபணு பழுது என்பது இதற்குத் தடையில்லை. என் நோயே உள்ள 58 வயதுக்காரர் ஒருவர் தனிக் கண்ணாடி அணிந்து மேசைமேல் நோட்டுப் புத்தகத்தைக் கண்டு தொட்டதை 2021இல் சாஹெல், ரோஸ்கா குழு வெளியிட்டது. அவருக்கும் ஊசி போட்ட மறுநாள் வந்ததல்ல அது. நாலரை மாதம் கழித்துப் பயிற்சி தொடங்கி, மேலும் பல மாதம் ஆகியது.

விழித்திரைமேல் சில்லு ஒட்டும் அறுவைக்கு மட்டும் இப்போதைக்குச் சம்மதிக்க மாட்டேன். சன்னல் எந்தப் பக்கம் என்று சொல்லும் இந்த மிச்ச வெளிச்சம் அறுவையில் போகலாம். அறுபது புள்ளிக்காக அதைப் பணயம் வைக்க மனமில்லை. முழு இருட்டில் இருக்கும் ஒருவரின் கணக்கு வேறாக இருக்கும், அதில் நான் வாய் வைக்கக்கூடாது. எந்த ஆய்வில் சேர்ந்தாலும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன் மூன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: நிறுவனம் மூடினால் கருவியை எடுக்க யார் பணம் கொடுப்பார்கள், உள்ளே அது இருக்கும்போது எம்ஆர்ஐ எடுக்கலாமா, ஆய்வு முடிந்தபிறகு கண்ணாடியும் உதிரிப்பாகமும் எத்தனை வருஷம் கிடைக்கும். படிவத்தை வீட்டில் ஒருவர் உரக்க வாசிக்கட்டும், கைபேசியில் ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். நாமே திரும்பத் திரும்பக் கேட்கலாம்.